மீட்டியோர் 350ஆ, சூப்பர் மீட்டியோர் 650ஆ? செட்டிநாட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் க்ரூஸர் (தாழ்வான சீட்டில் காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற பைக்) வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள், நாலைந்து பைக்கின் பெயரைச் சொல்லிவிட்டுக் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டும் ராயல் என்ஃபீல்டு. பெயரில் ஒரு ‘சூப்பர்’ மட்டும் கூடுதல். அதனால் காசு இருந்தால் 650, இல்லாவிட்டால் 350 என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. சொகுசிலும் சரி, கையாளுவதிலும் சரி, இவை இரண்டும் வேறு வேறு ரோட்டுக்கான வண்டிகள்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று ஊருக்குள்ளும் கிராமத்து ரோட்டிலும் ஓடுகிறவருக்கு 350தான். மாதா மாதம் சென்னை, பெங்களூர் என்று நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர், உள்ளூருக்கு வீட்டில் ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர், இவர்களுக்கு 650. ஆனால் உங்கள் முதுகு, வீட்டு வாசல், பின்னால் உட்காருகிறவர் ஆகிய மூன்றும் இந்த முடிவைப் புரட்டிப் போடலாம். அதனால் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

1. எண்களில் எதைப் பார்ப்பது

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இன்ஜின் கணக்கை. 2020 நவம்பரில் வந்த மீட்டியோரில் 349 சிசி, ஒற்றை சிலிண்டர், 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஐந்து கியர். 2023 ஜனவரியில் விலை அறிவிக்கப்பட்ட சூப்பர் மீட்டியோரில் 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ் (இதுவும் குதிரைத்திறன் அளவுதான்), 52.3 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். சரி, இதை ஒரு தடவை படித்துவிட்டு ஓரமாக வையுங்கள். சொகுசையும் கையாளுதலையும் தீர்மானிக்கிற எண்கள் அட்டவணையின் கீழ்ப்பகுதியில், யாரும் கண்ணை ஓட்டாத இடத்தில் இருக்கின்றன.

எடை: 350க்கு 191 கிலோ, 650க்கு 241 கிலோ. வித்தியாசம் சரியாக ஒரு மூட்டை சிமெண்ட். ஓடும்போது அந்த மூட்டை தெரியாது. நிற்கும்போதும், தள்ளும்போதும், நடக்கிற வேகத்தில் திருப்பும்போதும் தெரியும்.

தரை இடைவெளி: 350க்கு 170 மில்லிமீட்டர், 650க்கு 135. நம் பக்கத்து ரோட்டில் எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய வித்தியாசம். பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சக்கர இடைவெளி, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள நீளம்: 1400க்கு எதிராக 1500. நீளம் கூடினால் நேர்ரோட்டில் வண்டி அசையாமல் போகும். சந்துக்குள் திரும்ப இடம் அதிகம் கேட்கும்.

சீட் உயரம் 765, 740. இரண்டுமே தாழ்வுதான். ஆனால் 650இன் சீட் அகலமானது. தொடை விரிந்து உட்கார வேண்டியிருப்பதால், உயரம் குறைவானவருக்கு அந்த 25 மில்லிமீட்டர் ஆதாயத்தில் பாதி அதிலேயே போய்விடும். ஏட்டைப் பார்த்து முடிவு செய்யாமல், உட்கார்ந்து இரண்டு குதிகாலும் தரையில் படிகிறதா என்று பாருங்கள்.

சஸ்பென்ஷன், அதாவது பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும்: 350இன் முன்பக்கம் 41 மில்லிமீட்டர் ஃபோர்க், 130 மில்லிமீட்டர் அசைவு. 650இல் 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க், 120 அசைவு. அதன் பின்பக்க ஷாக் அசைவு 101 மட்டுமே. இந்த 101ஐ ஞாபகத்தில் வையுங்கள்.

மற்றபடி முன் சக்கரம் இரண்டிலும் 19 அங்குலம். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், இரட்டை சேனல் ஏபிஎஸ். அவற்றில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

2. உங்கள் ரோடு எது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, போன மாதம் எங்கெல்லாம் போனீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்பட்டதை எழுதக் கூடாது, போனதை மட்டும். பைக் வாங்குகிறவர்கள் லடாக் கனவில் வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, செக்காலை ரோட்டில் காய்கறி வாங்கத்தான் ஓட்டுகிறார்கள்.

செட்டிநாட்டில் மூன்று வகை ரோடு இருக்கிறது. ஒன்று, ஊருக்குள். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் மாலையில் போனால் முதல் கியர், இரண்டாம் கியர், நிறுத்து, மறுபடி முதல் கியர். இரண்டு, கிராமத்து ரோடு: கோட்டையூர், புதுவயல், நேமம், கீழச்சிவல்பட்டி என்று ஊரை ஊரோடு இணைப்பவை. தார் ஒழுங்காக இருந்தாலும் ஓரத்தில் செம்மண்ணும் சரளையும் ஏறிக் கிடக்கும். ஊர் தொடக்கத்தில் ஒரு வேகத்தடை, கோவில் முன்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு. மூன்று, நெடுஞ்சாலை: திருமயம் வழியாகப் புதுக்கோட்டை, திருச்சி, மேலூர் வழியாக மதுரை, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம், ராமேஸ்வரம்.

மூன்றில் எது பாதிக்கு மேல் வருகிறதோ, அதுதான் உங்கள் ரோடு. இனி வரும் சோதனைகளில் அந்த ரோட்டுக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பின்படி நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு 80 கிலோமீட்டர், மற்ற சாலைகளில் 60. அந்த 80ஐ 350 எந்தச் சிரமமும் இல்லாமல் நாள் முழுக்க ஓடும். 90 வரைக்கும் முகம் சுளிக்காது. நூறைத் தொட்டால்தான் இன்ஜின் திணறுவது காதிலும் கைப்பிடியிலும் தெரியும். 650 நூறைத் தாண்டியும் நிதானமாகவே இருக்கும். ஆனால் அந்த நிதானத்தை அனுபவிக்கச் சட்டத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வேகத்துக்காக மட்டும் 650 என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

3. அடி எங்கே விழுகிறது

சாதாரண பைக்கில் ஃபுட்ரெஸ்ட் ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே இருக்கும். பள்ளம் வருகிறது என்றால் காலை ஊன்றி, சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்பினால் போதும். அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கிறது. எழும்ப முடியாது. உடம்பின் பாரம் மொத்தமும் வால் எலும்பில் உட்கார்ந்திருக்கும். பின் ஷாக் வாங்காமல் விடுகிற ஒவ்வொரு அடியும் நேராக முதுகுத்தண்டில் ஏறும்.

க்ரூஸர் என்றாலே சொகுசு என்று சொல்வது வழவழப்பான ரோட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். மோசமான ரோட்டில் க்ரூஸரின் சொகுசு என்பது பின் ஷாக்கின் அசைவும் சீட்டின் பஞ்சும் மட்டுமே. 650இன் பின் ஷாக்குக்கு இருப்பது 101 மில்லிமீட்டர். 241 கிலோ வண்டியையும் உங்களையும் பின்னால் ஒருவரையும் அந்த நாலு அங்குலத்துக்குள் தாங்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்கை விறைப்பாகத்தான் வைத்தாக வேண்டும். மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளத்தில்கூட ‘டக்’ என்று தெரிவது இதனால்தான். வேகம் எடுத்து நல்ல ரோட்டில் போனால் அதே ஷாக் அருமையாக வேலை செய்யும்.

350இன் ஃபுட்ரெஸ்ட்டும் முன்னால்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் நீட்ட வேண்டியதில்லை. பெரிய பள்ளத்துக்கு முன் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் எழும்பிக்கொள்ளலாம். அதன் பின் ஷாக்கும் பஞ்சு மெத்தை ஒன்றும் இல்லை. கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் அதுவும் உதைக்கும். ஆனால் கிராமத்து வேகத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தில் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

முதுகில் ஏற்கெனவே டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள், வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எலும்பு மருத்துவரிடம் ‘கால் முன்னால் நீட்டி உட்காருகிற வண்டி’ என்று சொல்லியே கேளுங்கள். வெறுமனே ‘பைக் ஓட்டலாமா’ என்று கேட்டால் அவர் மனதில் ஓடுவது வேறு பைக்.

4. சாவி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஷோரூமில் பளபளக்கும் தரையில், சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து ‘அருமையாக இருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. வண்டியை வெளியே எடுத்து வரச் சொல்லுங்கள்.

முதலில், சைடு ஸ்டாண்டிலிருந்து உடம்பால் நிமிர்த்துங்கள். மூன்று நான்கு தடவை செய்யுங்கள். அப்புறம் இறங்கி, வண்டியின் இடப்பக்கம் நின்று, இன்ஜின் போடாமல் பத்தடி முன்னால், பத்தடி பின்னால் தள்ளுங்கள். கடைசியாக, லேசான ஏற்றத்தில் முன் சக்கரத்தை இறக்கத்தின் பக்கம் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். 350இல் மூச்சு வாங்கும்; ஏறிவிடும். 650இல் பெரும்பாலானவர்கள் யாரையாவது கூப்பிடுவார்கள். கடை வாசலில் தவறாக நிறுத்திவிட்டால் தினமும் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அடுத்து, உங்கள் வீடு. இதை எந்த யூடியூப் விமர்சனமும் சொல்லாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் தரைமட்டம் தெருவிலிருந்து நாலைந்து படி உயரத்தில் இருக்கும். வண்டியை முகப்பில் ஏற்ற வேண்டும் என்றால் பலகையோ சிமெண்ட் சரிவோ போட்டாக வேண்டும். 191 கிலோவை முதல் கியரில் வைத்து, பக்கத்தில் நடந்தபடி கிளட்சை அரைகுறையாக விட்டு ஏற்றலாம். 241 கிலோவை அப்படி ஏற்ற ஆரம்பித்து, பாதிச் சரிவில் இன்ஜின் அணைந்தால் முன் பிரேக்கும் பிடிக்காது. சக்கரம் பூட்டியபடியே வண்டி கீழே வழுக்கும். சரிவு செங்குத்தாக இருந்தால், உச்சியில் வாசற்படி விளிம்பு 650இன் அடிவயிற்றில் தட்டவும் செய்யும். மேலே ஏறிவிட்டால் அடுத்தது ஆத்தங்குடிக் கல், அதாவது நம் வீடுகளின் வழவழப்பான தரைக்கல். காலும் வழுக்கும், சைடு ஸ்டாண்டும் வழுக்கும். ஸ்டாண்டுக்குக் கீழே ரப்பர்த் துண்டு ஒன்று போடாமல் நிறுத்தாதீர்கள். தெருவோரச் செம்மண்ணில் நிறுத்துகிறவர்களுக்கு மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: காலையில் எழுந்து பார்த்தால் ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்ந்து கிடக்கும். ஒரு தட்டையான கல் போதும்.

சரிவும் இல்லை, பின்கட்டு வழியாக வழியும் இல்லை, வண்டி வெளியேதான் நிற்கும் என்றால் அதையும் விலையோடு சேர்த்து யோசியுங்கள்.

5. ஓட்டிப் பார்க்கும் வழித்தடம்

பொதுவாக டெஸ்ட் ரைடு என்று நாலைந்து கிலோமீட்டர் கொடுப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. விற்பனையாளரிடம் வாங்குகிற எண்ணம் உறுதி என்று சொல்லி, கூட்டம் இல்லாத நாளின் காலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நண்பரின் வண்டி, இல்லையென்றால் வாடகை வண்டி. இரண்டு பைக்கையும் ஒரே நாளில், ஒரே வழியில், ஒரே ஹெல்மெட்டோடு ஓட்டுவது முக்கியம். கிளம்புவதற்கு முன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். “அண்ணே, ஷாக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க” என்பார் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர். டெமோ வண்டியில் காற்று பெரும்பாலும் கூடவோ குறையவோதான் இருக்கும்.

ஊருக்குள் பத்து நிமிடம். கூட்ட நேரத்தில் செக்காலை ரோடு. இங்கே பார்க்க வேண்டியது மூன்று: கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது முன்கை வலிக்கிறதா, இன்ஜின் சூடு காலில் அடிக்கிறதா, ஆட்டோ திடீரென்று நின்றால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரைக்கு வருகிறதா. சித்திரை வெயிலில் கோவில் ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் 650இன் இரண்டு சிலிண்டர் சூடு பேண்ட்டைத் தாண்டித் தெரியும். 350இலும் சூடு உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு யு-டர்ன். கானாடுகாத்தான் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராகவும் அகலமாகவும் இருக்கும், காலையில் ஆள் நடமாட்டமும் குறைவு. அங்கே காலை ஊன்றாமல் முழு வட்டம் அடித்துப் பாருங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பின் பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சைப் பாதியில் வைத்து, போக வேண்டிய இடத்தைத் தலையைத் திருப்பிப் பாருங்கள். 350 எதிர்பார்த்த இடத்தில் சுற்றி வரும். 650 இன்னும் ஒரு கை அகலம் கேட்கும், கைப்பிடி முழுதாகத் திரும்புகிற நிலையில் வெளிப்பக்கத் தோள் நீண்டு இழுக்கும். இரண்டு மூன்று வட்டத்துக்குப் பிறகும் காலை ஊன்றத் தோன்றினால், அந்த வண்டி உங்களுக்கு ஊருக்குள் பாரம்.

இப்போது வேகத்தடை. இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அவ்வளவு அகலமாக இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேல் நிற்கும், வண்டி முழுதாக ஏறி முழுதாக இறங்கும், அடி தட்டாது. நம் கிராமங்களில் பல இடங்களில் இருப்பது அப்படியா? ஒரு முழ அகலத்தில், கூம்பாக, அளவுகோல் பார்க்காமல் கொட்டியது. முன் சக்கரம் இறங்கிய பிறகு, பின் சக்கரம் ஏறுவதற்கு முன்னால், அந்தக் கூம்பு சரியாக வண்டியின் வயிற்றுக்குக் கீழே வரும். 650இன் 135 மில்லிமீட்டர் என்பது ஆள் ஏறாத கணக்கு. இரண்டு பேர் உட்கார்ந்து ஷாக் அமுங்கினால் அதில் இருபது, இருபத்தைந்து போய்விடும். மீதி இருக்கிற 110 சொச்சத்தில், கொஞ்சம் உயரமாகப் போட்ட வேகத்தடை அடியில் உரசிக்கொண்டுதான் போகும். 350இல் அதே கணக்கைப் போட்டாலும் 145 மிஞ்சும்.

ஆகவே உங்கள் வீட்டிலிருந்து பிரதான சாலை வரை உள்ள வேகத்தடைகளில் மிக மோசமானது எதுவோ, அதன் மேல், பின்னால் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு வண்டியையும் ஏற்றிப் பாருங்கள். நான் ஒருவருக்கு ஒரு சோதனை மட்டும்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். 650 உரசினால், நேராக ஏறாமல் சாய்வாக, நடக்கிற வேகத்தில், கிளட்சைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். அப்படியும் உரசினால், தினமும் அதே ரோட்டில் போகிறவர் என்றால், பேச்சே வேண்டாம்.

வளைவுக்குக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகிற ரோடு. இங்கே 650 தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும். எடை கீழே தாழ்ந்திருப்பதால், 50, 60 வேகத்தில் சாய்க்கும்போது வண்டி மரம் போல உறுதியாக நிற்கும். முன் ஃபோர்க் தரையைச் சொல்லிக்கொண்டே வரும். 350 இன்னும் எளிதாகச் சாயும், நடுவில் மயிலோ ஆடோ குறுக்கே வந்தால் ஒதுங்கவும் எளிது. குன்றக்குடிப் பக்கம் மயில் வருவது அதிசயம் இல்லை. இரண்டிலும் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் தரையைத் தொடும். அது வண்டி தருகிற எச்சரிக்கை, அதற்கு மேல் சாய்க்காதீர்கள். வளைவில் செம்மண் படிந்திருந்தால் வேகத்தை நேர்ரோட்டிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். சரளையில் ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாது. ஆனால் நிற்கிற தூரம் நீளும்.

கடைசியாகத் திருமயம் ரோடு. முன்னால் ஒரு அரசுப் பேருந்து, எதிரே வண்டி இல்லாத ஒரு நீட்டம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 350இல் 60இலிருந்து முந்த வேண்டும் என்றால் கியரை ஒன்று குறைத்து, இடம் பார்த்து, மனதில் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பின்னால் ஆளும் பையும் இருந்தால் இரண்டாவது கணக்கும் வேண்டும். 650இல் கைப்பிடியைத் திருகினால் பேருந்து பின்னால் போய்விடும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு இந்த நிம்மதியும் ஒரு சொகுசுதான். உடம்பு களைப்பதற்கு முன்னால் மனம் களைப்பது குறையும். மேலூரிலிருந்து திருச்சி, சென்னை என்று நான்கு வழியில் ஓடுகிறவர்கள் 650ஐ விட மாட்டார்கள் என்பதன் காரணம் இது. எதிரே வருகிற லாரியின் காற்று அடிக்கும்போதும், பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று தள்ளும்போதும், அந்த ஐம்பது கிலோ உங்கள் பக்கம் நிற்கும்.

6. பின்னால் உட்காருகிறவரின் ஓட்டு

குடும்பத்துக்கும் இதே வண்டிதான் என்றால் இந்தப் படி கட்டாயம். மனைவியோ அம்மாவோ, யார் உட்காருவார்களோ அவர்களையே கூட்டிப் போங்கள். நண்பனை உட்கார வைத்துப் பார்த்தது கணக்கில் சேராது.

புடவையில் ஒருபக்கமாக உட்காருகிறவர் என்றால் க்ரூஸரே கொஞ்சம் யோசனைதான். பின் சீட் குறுகலும் சரிவும். இரண்டிலும் முதுகுச்சாய்வு உள்ள மாடல்கள் கிடைக்கின்றன: மீட்டியோரில் ஸ்டெல்லார், சூப்பர்நோவா, சூப்பர் மீட்டியோரில் செலஸ்டியல். இருபக்கமும் கால் போட்டு உட்காருகிறவருக்கு அந்தச் சாய்வு பெரிய உபகாரம். ஒருபக்கமாக உட்காருகிறவருக்கு அது ஏறும்போது இடைஞ்சல். பிடிக்க உறுதியான கைப்பிடி, முந்தானை சக்கரத்தில் போகாமல் இருக்கத் தடுப்பு, கால் வைக்கப் பலகை இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கரத் தடுப்பு மத்திய மோட்டார் வாகன விதிப்படியே இருக்க வேண்டியது. கழற்றிவிட்டு ‘ஸ்டைல்’ பண்ணச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை போய்த் திரும்புங்கள். நடுவில் “என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்று பின்னாலிருந்து எங்கே குரல் வருகிறது என்று பாருங்கள். 650இன் சாதாரண பின் சீட்டில் அது சீக்கிரமே வரக்கூடும். செலஸ்டியலின் டூரிங் சீட்டில் தள்ளிப் போகும்.

7. விலை, வரி, அப்புறம் நடைமுறைச் செலவு

இங்கே 350 சிசி என்ற கோடுதான் எல்லாவற்றையும் பிரிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. 349 சிசி மீட்டியோர் கோட்டுக்கு இந்தப் பக்கம், 648 அந்தப் பக்கம். விளைவு, ஷோரூம் விலையில் 650 இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீதம். விலை இரட்டிப்பானால் வரியும் இரட்டிப்பு. மூன்றாம் நபர் காப்பீடும் அப்படியே: 2022 கட்டண அறிவிப்பில் 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804.

மைலேஜ் 350க்கு லிட்டருக்கு 35ஐ ஒட்டி, 650க்கு 25ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கை மாறும். டேங்க் 15 லிட்டரும் 15.7 லிட்டரும் என்பதால் ஒரு நிரப்பில் ஓடுகிற தூரத்திலும் 350தான் முந்தும்.

டயரையும் மறக்காதீர்கள். 650இன் பின் டயர் 150/80-16. சின்ன ஊர்க் கடைகளில் போய்க் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற அளவு இல்லை. சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். நம் மாவட்டத்தில் சீமைக் கருவேல முள் இல்லாத ரோட்டோரம் கிடையாது. இரண்டு வண்டியிலும் அலாய் சக்கர மாடல்களில் ட்யூப்லெஸ் டயர் என்பதால் முள் குத்தியவுடன் உட்கார்ந்துவிடாது. பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் சீட்டுக்குக் கீழேயோ பையிலோ எப்போதும் இருக்கட்டும்.

பழைய மீட்டியோர் வாங்குகிறவர்கள் முன் விளக்கைப் பாருங்கள். பழைய மாடல்களில் பெரும்பாலும் ஹாலோஜன்தான். 2025 மாடலில் எல்லாவற்றுக்கும் எல்இடி வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு முன் பழனிக்கு நடக்கிறவர்கள் இரவில் ரோட்டோரமாகச் சாரை சாரையாகப் போவார்கள். அந்த நேரத்தில் வெளிச்சம் ஆடம்பரம் இல்லை.

8. வாங்கிய பிறகு உடம்புக்குப் பொருத்துவது

எந்த வண்டி வாங்கினாலும், டெலிவரி எடுத்தபடியே ஓட்டினால் பாதிச் சொகுசு வீண். முதல் வேலை பின் ஷாக். 350இல் ஆறு நிலை, 650இல் ஐந்து நிலை வரை ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றலாம். எது சரி என்று ஊகிக்க வேண்டாம், டேப் போதும். பின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடித்துப் பின் சக்கரம் தொங்கும் நிலையில் ஒரு அளவு. நீங்கள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்த நிலையில் ஒரு அளவு. வித்தியாசம் ஷாக்கின் மொத்த அசைவில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். 650க்கு 25 முதல் 33 மில்லிமீட்டர். அதற்கு மேல் அமுங்கினால் ஒரு நிலை இறுக்குங்கள். குறைவாக இருந்தால் தளர்த்துங்கள். பின்னால் ஆள் ஏற்றிப் போகிற நாளில் இன்னும் ஒரு நிலை இறுக்கினால் வேகத்தடையில் உரசுவதும் குறையும். முதுகு வலிக்கிறது என்று சீட் கவர், ஜெல் பேட் என்று செலவு செய்கிறவர்கள் பலர் இந்தத் திருகைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

அடுத்து லீவர். முன்கையும் விரலும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிரேக், கிளட்ச் லீவர்களைத் தாழ்த்துங்கள். மணிக்கட்டு வளைந்தால் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் மரத்துப் போகும். கைப்பிடியை எட்டக் கூன வேண்டியிருந்தால் அதையும் தளர்த்தி உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம். ஒயர்கள் இழுபடாமல் இருக்கிறதா என்று இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி நெடுஞ்சாலைக்காரர்களுக்கு மட்டும் போதும். அதன் மேல் விளிம்பு உங்கள் மூக்கு உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கண்ணுக்கு நேராக வந்தால் இரவில் எதிர்விளக்கு சிதறி ரோடே தெரியாது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு வெயில் காலத்தில் அது வருகிற காற்றையும் மறைத்துவிடும்.

உட்காரும் விதத்திலும் ஒன்று. சீட்டின் பின் வளைவில் இடுப்பை ஒட்டி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். சோபாவில் சாய்கிற மாதிரி வழிந்து உட்கார்ந்தால் முதல் அரைமணி சுகமாக இருக்கும், அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடங்கள். திருச்சி போகிறவர்களுக்குப் புதுக்கோட்டை டீக்கடை சரியான இடைவெளியில் வருகிறது.

முதல் சர்வீஸ் முடிந்து வந்ததும் பின் ஷாக் அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள். புது ஸ்பிரிங்கும் சீட் பஞ்சும் அதற்குள் கொஞ்சம் படிந்திருக்கும். ஷாக்கை மாற்றினால் செயின் தொய்வையும் சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வழக்கமாக உட்காருகிறவரை ஏற்றி வைத்துப் பார்க்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் தானாக அப்படிச் செய்ய மாட்டார்கள், கேட்டால் செய்வார்கள்.